கை மரத்துப்போனால் தைலம் தேய்க்காதீர்கள்

போன வாரம், சிங்கப்பூரில் எங்கள் பிராட்டா கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பி காலை ஐந்து மணிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான். நடுவில் நிறுத்திவிட்டு வலக்கையை நாலு உதறு உதறினான். "ராத்திரியும் இப்படித்தானா?" என்று கேட்டேன். "ஆமாண்ணே, மூணு மணிக்கு எழுப்பிவிட்டுடுது. கோடாலித் தைலம் தேய்ச்சுட்டுப் படுத்துடுவேன்." எனக்குப் பகீரென்றது. அவன் வயதில் நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாவு மூட்டையைக் குனிந்து தூக்காதே என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நான் பார்த்துப் பார்த்து நொந்த தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

மரத்துப்போவதை அசதி என்று நினைப்பது

மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. ஓயாமல் பிசைந்து தசைநாண்களின் உறை தடித்தால், நசுங்குவது நரம்பு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்குவதால் இரவில்தான் அதிகம். 'கார்ப்பல் டனல்' என்பார்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம் இருந்தால் வரும் வாய்ப்பு கூடும். அதனால் டாக்டர் ரத்தப் பரிசோதனை கேட்டால் மறுக்காதீர்கள்.

நரம்பு நசுங்குவதற்குத் தைலம் என்ன செய்யும்? நான் ஒன்றரை வருடம் தேய்த்தேன். கூட வேலை செய்தவர்களும் "நல்லா நீவிவிடு, சரியாப்போகும்" என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, கூட்ட நேரம். பிராட்டாவைத் திருப்பும்போது பெருவிரல் கல்லில் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்தில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்தவர் "கை, கை!" என்று கத்தினார். பார்த்தால் விரல்நுனித் தோல் வெள்ளையாக வெந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் நரம்புப் பரிசோதனை, அறுவை சிகிச்சை எல்லாம். நரம்பை அழுத்தும் பட்டையை வெட்டிவிட்டார்கள். இரவில் மரத்துப்போவது நின்றது. ஆனால் பெருவிரலடி மேடு அதற்குள் வற்றிவிட்டது. இன்றைக்கும் என் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலக்கை சப்பையாகத் தெரியும். சட்டைப் பொத்தான் போட இடக்கைதான் உதவிக்கு வருகிறது. நினைத்தால் இப்போதும் ஆத்திரமாக வருகிறது. ஆரம்பத்திலேயே போயிருந்தால், மணிக்கட்டை நேராகப் பிடித்துவைக்கும் மட்டையை ஆறு வாரம் இரவில் கட்டிக்கொண்டே சரியாகியிருக்கலாம். இல்லாவிட்டால் ஓர் ஊசியோடு போயிருக்கலாம்.

பிசையும்போது உள்ளங்கை அடியை ஊன்றி அழுத்தாதீர்கள். அந்தப் பாதை அங்கேதான் இருக்கிறது. கையை மூடி, மணிக்கட்டை நேராக வைத்து, தோளிலிருந்து எடையைக் கொடுங்கள்.

சுண்டுவிரலையும் இதில் சேர்ப்பது

சுண்டுவிரல் மரத்துப்போனால், அது முழங்கை வழியாகப் போகும் வேறொரு நரம்பு. கல்லாவில் முழங்கையை ஊன்றி நிற்காதீர்கள், கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துத் தூங்காதீர்கள்.

பெருவிரல் பக்கத்து வலியைச் சுளுக்கு என்பது

பெருவிரலை உள்ளே வைத்துக் கையை மூடி, சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டில் சுரீரென்றால் பெரும்பாலும் பெருவிரல் தசைநாண் உறையின் வீக்கம்தான். 1895இல் டி கெர்வேன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் விவரித்தது. மாவுத் தொட்டியைப் பெருவிரல் கொடுத்துத் தூக்குகிறவர்களுக்கு வரும். கைக்குழந்தையைத் தூக்கும் தாய்மார்களுக்கும் வரும். சுளுக்கு வழிக்கப் போகாதீர்கள். பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் மட்டை, ஓய்வு, தேவைப்பட்டால் ஊசி.

இடக்கை வலியோடு நெஞ்சும் அழுத்தினால் காத்திருப்பது

காத்திருக்காதீர்கள். உடனே 995இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

முழங்கை வெளிப்பக்க வலிக்கு ஊசிமேல் ஊசி போடுவது

சில வாரம் சுகமாக இருக்கும், பிறகு திரும்பிவிடும். உள்ளங்கை மேலே பார்த்தபடி பாத்திரம் தூக்கிப் பழகுங்கள். பயிற்சிதான் மருந்து, மாதக்கணக்கில் ஆகும்.

லீவு கேட்கத் தயங்குவது

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கடிதம் வாங்கிக்கொண்டு போனால் நிபுணரிடம் மானியக் கட்டணம். வேலை அனுமதியில் வந்தவர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். பகல்நேர அறுவை சிகிச்சையும் அதில் சேரும். இது தெரியாமல்தான் தம்பி வாய் திறக்கவில்லை. அவனுக்காக முதலாளியிடம் நானே பேசிவிட்டேன். செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறான். அன்றைக்கு அவன் வீச வேண்டிய மாவை நான் வீசுகிறேன்.