ஸ்காப்பா ஃப்ளோவில் மூழ்கிய கப்பல்களைக் காணக் குழுவாகச் செல்வோருக்கு

ஸ்காட்லாந்தின் வடக்கே, ஓர்க்னி தீவுகளுக்கு நடுவில் அமைந்த இயற்கைத் துறைமுகம் ஸ்காப்பா ஃப்ளோ. முதல் உலகப்போரின் முடிவில் அங்கே 74 ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தன. அவை எதிரியின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக, 1919 ஜூன் 21 அன்று தளபதி லுட்விக் ஃபொன் ராய்ட்டர் அவற்றை மூழ்கடிக்க ஆணையிட, 52 கப்பல்கள் நீருக்குள் போயின. பெரும்பாலானவற்றைப் பின்னாளில் இரும்புக்காகத் தூக்கிவிட்டார்கள். இன்று முக்குளிப்பவர்கள் தேடிச் செல்வது எஞ்சிய ஏழு கப்பல்களை: கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் ஆகிய மூன்று பெரும் போர்க்கப்பல்களும், ட்ரெஸ்டன், ப்ரும்மர், கோல்ன், கார்ல்ஸ்ரூ ஆகிய நான்கு க்ரூசர்களும் (வேகமான சிறிய போர்க்கப்பல்கள்).

ஸ்காட்லாந்தின் வடகரையிலுள்ள ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஓர்க்னியின் ஸ்ட்ரோம்னஸுக்குக் காரையே ஏற்றிக்கொண்டு செல்லும் பயணக் கப்பல் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடும். முக்குளிப்புப் படகுகளைப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்கு, பன்னிரண்டு பேர் வரையிலான குழுவாக வாடகைக்கு எடுப்பது வழக்கம். பன்னிரண்டு இடங்களையும் நிரப்ப வேண்டும் என்ற ஆசையில் குளிர்நீர் அனுபவம் இல்லாதவரைச் சேர்ப்பதைவிட, ஓர் இடத்தைக் காலியாக விட்டு அதன் செலவைப் பகிர்ந்துகொள்வதே மேல் என்பது என் கருத்து. தயங்கும் ஒருவர் இருந்தால், முழுக் குழுவின் ஆழமும் நேரமும் அவரைப் பொறுத்தே அமையும்.

வசந்தத்தின் தொடக்கத்தில் நீர் 7 டிகிரி அளவிலும், கோடையின் இறுதியில் 13 டிகிரி அளவிலும் இருக்கும். ஆகவே நீர் உள்ளே புகாத உலர் உடையும், அதனுள் தடித்த வெப்ப உள்ளாடையும் கட்டாயம். புதிய உலர் உடையை முதன்முறை அணிந்து பார்க்கும் இடமாக ஓர்க்னியை வைத்துக்கொள்ள வேண்டாம். உடைக்குள் இருக்கும் காற்று கால்பக்கம் ஓடினால் உடல் தலைகீழாகிவிடும், அதைச் சமாளிக்கும் பழக்கம் ஊரிலேயே வந்திருக்க வேண்டும்.

அதிகக் கவனம் கோருவது, சிலிண்டரின் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டர். உயர் அழுத்தக் காற்று திடீரென விரியும்போது குளிர்வதால், ஏற்கெனவே குளிர்ந்த நீரில் அதன் உள்பாகத்தில் பனி படிந்து வால்வு திறந்தபடியே நின்றுவிடலாம். காற்று கட்டுக்கடங்காமல் கொட்டும். குளிர்நீருக்கென நீர்புகாமல் மூடப்பட்ட முதல்நிலை (சிலிண்டரில் பொருத்தும் பகுதி) உள்ள ரெகுலேட்டரையே கொண்டுவாருங்கள். நீருக்குள் இறங்கும் முன் அதில் மூச்சு விட்டு ஈரமாக்காதீர்கள். மூச்சை இழுக்கும் அதே கணத்தில் உடைக்குள் காற்றையும் ஏற்றாதீர்கள். இரட்டைச் சிலிண்டரில் பழுதான பக்கத்தின் வால்வைத் தாமே மூடப் பழகியவருக்கு இது தொல்லை மட்டுமே, பழகாதவருக்கு ஆபத்து.

முதல் நாள் கார்ல்ஸ்ரூவில் தொடங்குவது நல்லது. ஏழு கப்பல்களில் ஆழம் குறைந்தது அதுவே, ஏறத்தாழ 25 மீட்டர். அங்கே எடைப்பட்டைகளையும் உடையையும் சரிபார்த்த பிறகு, பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் மற்ற க்ரூசர்களுக்குச் செல்லலாம். பெரும் போர்க்கப்பல்களின் மேல்பகுதியில் பீரங்கிகளும் கவசமும் கனத்ததால் அவை கவிழ்ந்து தலைகீழாகக் கிடக்கின்றன. 45 மீட்டர் வரை ஆழம் எட்டுவதால் வாரத்தின் நடுப்பகுதிக்கு வையுங்கள். 32 விழுக்காடு நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூட்டப்பட்ட காற்று) க்ரூசர்களின் மேல்பகுதிக்குப் போதும். 34 மீட்டருக்குக் கீழே அதை எடுத்துச் செல்லக் கூடாது. கப்பலுக்கு இறங்கி ஏற விட்டிருக்கும் கயிற்றைத் தவறவிட்டவர் மேலேறும்போது மிதவையை அனுப்பினால்தான் படகோட்டி அவரைக் காண முடியும் என்பதால், ஒவ்வொருவரிடமும் மிதவையும் அதைக் கட்டி அனுப்பும் கயிற்றுச் சுருளும் இருக்கட்டும்.

ஏழு கப்பல்களும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. எதையும் எடுத்துவரக் கூடாது. 1939 அக்டோபரில் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு 835 பேருடன் மூழ்கிய ராயல் ஓக், 1917இல் வெடித்துச் சிதறிய வான்கார்ட் ஆகிய பிரிட்டிஷ் கப்பல்கள் கல்லறைகளாகவே காக்கப்படுகின்றன; அனுமதியின்றி அங்கே முக்குளிக்க முடியாது. விமானத்தில் திரும்புவோர், கடைசி முக்குளிப்புக்கும் பயணத்துக்கும் இடையே ஒரு முழு நாளை விட்டு அதன்படியே சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.