சொசைட்டியில் நாம் சறுக்கும் இடங்கள்

ஊரில் 'சொசைட்டி' என்றால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்தான். பெயர்ப்பலகையை முழுதாகப் படிக்க யாருக்குப் பொறுமை? பயிர்க்கடன், நகைக்கடன், உரம், பல ஊர்களில் ரேஷன் கடையும் அதன் பொறுப்பில். 1904இல் திருவள்ளூர் பக்கம் திரூரில் தொடங்கிய ஏற்பாடு இது. இத்தனை காலம் பழகியும் சில இடங்களில் பணத்தை விட்டுக்கொண்டே இருக்கிறோம்.

பெரிய ஓட்டை தவணைத் தேதி. அதற்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது. 7 சதவீதத்தையும் அரசு ஏற்கிறது. 'நெல்லுப் பணம் வரட்டும்' என்று தள்ளிப்போட்டுத் தேதி தாண்டிவிட்டால், லட்ச ரூபாய்க்கு வருடத்துக்கு 7,000 ரூபாய் நம் தலையில் விழும். அபராத வட்டி தனி. கடன் வாங்கும் அன்றே தேதியைக் கேட்டுக் காலண்டரில் வட்டம் போடுங்கள்.

'எப்படியும் தள்ளுபடி வரும்' என்று கட்டாமல் இருப்பது அடுத்தது. மாநில அரசு 2006, 2016, 2021இல் தள்ளுபடி செய்தது. மூன்றும் சட்டமன்றத் தேர்தல் ஆண்டுகள். 2021இல் மட்டும் 16.43 லட்சம் பேருக்கு 12,110 கோடி ரூபாய். ஒழுங்காகக் கட்டியவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் முதல் இரண்டுக்கும் நடுவே பத்து வருடம் போயிருக்கிறது. 2016இல் சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும்தான். நிலுவையோடு காத்திருப்பவருக்குப் புதுக்கடன் கிடைக்காது. அப்புறம் நடவுக்குக் கந்துவட்டிதான்.

பழைய கடனைக் கட்டிவிட்டுப் புதிதாக எடுக்க, 'ரெண்டே நாள்' என்று வெளியே வட்டிக்கு வாங்குவார்கள். சொசைட்டிக்குப் பணம் கொடுக்கும் மத்தியக் கூட்டுறவு வங்கியிலிருந்து பணம் வரத் தாமதமானால் அந்த இரண்டு நாள் வாரக்கணக்கில் நீளும். எப்போது கையில் கிடைக்கும் என்று செயலாளரிடம் கேட்காமல் வெளியே கை நீட்ட வேண்டாம்.

பயிர்க் காப்பீடு 2020 முதல் கடன்தாரருக்கும் கட்டாயமில்லை. 'கடனோடு பிரீமியத்தையும் பிடித்திருப்பார்கள்' என்று நம்பிவிடாமல் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் சர்வே எண், கிராமம், பயிர் மூன்றும் அடங்கலோடு, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கோடு, ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அடங்கலில் பருத்தியும் காப்பீட்டில் நெல்லும் இருந்தால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டியதுதான்.

உரத்துக்கும் பில் வாங்காமல் நகராதீர்கள். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. விலை மூட்டை மேலேயே அச்சிட்டிருக்கும்.