ராஜ்மா கேசரோல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சமைக்கப் பழகுகிறவர்கள் ராஜ்மா கேசரோல் (வெந்த ராஜ்மாப் பயறைத் தக்காளிச் சாஸில் கலந்து, மேலே சீஸ் போட்டு ஓவனில் வைத்து எடுப்பது) செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். ஒருகாலத்தில் நான் செய்த அதே கோளாறுகள், அதே வரிசையில். உப்புக் கூடியது, அடிபிடித்தது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; அவற்றை விட்டுவிடுகிறேன்.

அரைவேக்காட்டுப் பயறைத் தக்காளியில் போடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். "மிச்சத்தை ஓவன் பார்த்துக்கொள்ளும்" என்று முக்கால் பதத்திலேயே பயறை இறக்கி, தக்காளிச் சாஸில் கலந்துவிடுகிறார்கள். ஓவன் பார்த்துக்கொள்ளாது. பயறின் செல்களை ஒட்டவைத்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் பயறு மசியும். புளிப்பு அதைக் கரையவிடாது. தக்காளி, வினிகர், எலுமிச்சைச் சாறு எல்லாம் இதில் ஒரே கட்சி.

உறவுக்காரப் பெண் ஒருவர் விருந்துக்கு இதைச் செய்தார். மேலே சீஸ் பொன்னிறமாகக் குமிழியிட்டது. பார்க்க அத்தனை அழகு. வாயில் வைத்தால் பயறு நறுக்கென்று கடிபட்டது. "இன்னும் கொஞ்ச நேரம்" என்று திரும்ப உள்ளே வைத்தார். பிறகு மறுபடியும். சீஸ் தோலாக இறுகியது, ஓரத்துச் சாஸ் கருகியது, பயறு மட்டும் மசியவில்லை. வந்தவர்கள் ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனார்கள். சீஸ், வெண்ணெய், காய், அரைநாள் உழைப்பு அத்தனையும் குப்பைக்கு.

பயறைத் தனியாக, புளிப்பே படாமல் முழுதாக வேகவையுங்கள். இரண்டு விரலுக்கிடையே அழுத்தினால் மாவாக நசுங்க வேண்டும். நடுவில் வெளிறிய கட்டி தட்டுப்பட்டால் இன்னும் ஆகவில்லை. ஒன்றை நசுக்கிப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பழைய பயறும் புதுப் பயறும் கலந்திருந்தால் ஒன்று வெந்திருக்கும், பக்கத்தில் இருப்பது வெந்திருக்காது. ஊறவைக்கும் தண்ணீரில் உப்புப் போட்டால் பயறு வேகாது என்பார்கள். உண்மையில் உப்பு தோலை மென்மையாக்கும். வேகாததற்கு உப்பைத் திட்டுகிறவர்கள் தக்காளியை ஒருபோதும் திட்டுவதில்லை.

சிவப்பு ராஜ்மாவைக் கொதிக்கவிடாமல் வேகவைப்பது

இது ருசி விஷயமில்லை. சரியாக வேகாத ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். குறைந்த சூட்டில் மெதுவாகச் சமைக்கும் மின்பானைக்கு அந்தச் சூடு போதாது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, கழுவினால் போதும்.

காளானையும் கீரையையும் பச்சையாகச் சேர்ப்பது

வதக்கித் தண்ணீர் வற்றவிடுங்கள். இல்லாவிட்டால் கேசரோல் சூப்பாகிவிடும்.

மேல்பாகத்தை முதலிலேயே கருகவிடுவது

180 டிகிரி செல்சியஸில் அலுமினியத் தாளால் மூடி வைத்து, கடைசி 15 நிமிடம் மட்டும் திறந்துவிடுங்கள். தாள் சாஸைத் தொடக்கூடாது. தக்காளியின் புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். ரொட்டித்தூளை எண்ணெயில் பிசறித் தூவினால்தான் மொறுமொறுப்பு வரும். உலர்ந்த தூள் உலர்ந்தே கிடக்கும்.

சைவ விருந்துக்குப் பார்மீசான்

அசல் பார்மீசான் என்ற இத்தாலியச் சீஸ், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியால் பாலை உறையவைத்துச் செய்தது. பாக்கெட்டின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எடுத்தவுடன் வெட்டுவது

10 நிமிடம் பொறுங்கள். சூட்டோடு வெட்டினால் சாஸ் தட்டெங்கும் ஓடும்.