வன்னியில் இருந்து சொந்தமாகப் புத்தகம் போடப் போகிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கே, வன்னியில், பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு சின்னத் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறேன். அந்தியேட்டிக் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அடிக்கும் சிறு நூல்), பாடசாலை மலர், திருவிழா நோட்டீஸ், கலியாண அழைப்பிதழ், இவைதான் அன்றாடப் பிழைப்பு. இடைக்கிடை ஒருவர் கொப்பிக் கட்டோடு வருவார். ஓய்வுபெற்ற அதிபராக இருக்கும், ஊர் வரலாறு எழுதிய ஐயாவாக இருக்கும், கவிதை எழுதும் பிள்ளையாக இருக்கும். யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "ஐந்நூறு அடிக்க எவ்வளவு முடியும் தங்கச்சி?"

அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் வீட்டில் இருந்து ஒரு கொப்பியில் பெயர்களை எழுதுங்கள். வெளியீட்டுக்கு உண்மையாகவே வரக்கூடியவர்கள், வராவிட்டாலும் ஆள் விட்டு எடுப்பிப்பவர்கள், இவ்வளவும் போதும். முகநூலில் வாழ்த்துப் போடுகிறவர்களைச் சேர்க்க வேண்டாம். அந்த எண்ணிக்கையோடு நூலகங்களுக்கும் உரை ஆற்றுவோருக்கும் சும்மா கொடுக்க வேண்டிய முப்பது நாற்பதைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் பதிப்பின் அளவு. என்னிடம் வருகிற பெரும்பாலானவர்களுக்கு அது 150க்கும் 250க்கும் இடையில் வந்து நிற்கும். முகம் கொஞ்சம் வாடும். பரவாயில்லை.

அச்சகத்தில் வேறு கதை சொல்வார்கள். "ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை ஐயா." பொய் இல்லை. ஓஃப்செற்றில், அதாவது பிளேட் செய்து மெசினில் ஓட்டும் அச்சில், பிளேட் செலவும் மெசினை ஆயத்தப்படுத்தும் செலவும் எத்தனை அடித்தாலும் ஒன்றுதான், ஆகவே எண்ணிக்கை கூடக் கூட ஒரு பிரதியின் செலவு குறையும். ஆனால் குறைகிற அந்தக் காசு உங்களுக்கு மிஞ்ச வேண்டுமென்றால் அத்தனையும் விலைப்பட வேண்டும். ஏ5 அளவில் 128 பக்கம், 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாள், மட்டையோடு ஒரு புத்தகம் ஏறக்குறைய 180 கிராம் வரும். ஐந்நூறு என்றால் 90 கிலோ. அதை எந்த அறையில் அடுக்கப் போகிறீர்கள்? எங்கள் பக்கத்துக் கறையான் புத்தகம் என்றால் ஒரு கிழமையில் வேலையை முடித்துவிடும். 2018 டிசம்பர் வெள்ளம் வந்த வீடுகளில் கீழ்த்தட்டில் இருந்த பெட்டிகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. சுவரோடு ஒட்டாமல், பலகை போட்டு, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள்.

இருநூறு வரைக்கும் பிளேட் தேவையில்லாத டிஜிற்றல் அச்சே போதும். ஒரு பிரதியின் செலவு கூடத்தான், ஆனால் மொத்தச் செலவு குறைவு. அவ்வளவும் விற்றுத் தீர்ந்தால் பிறகு ஐம்பது அடிக்கலாம். ஓஃப்செற்றுக்குத்தான் போவதென்றால் பக்கங்களைப் பதினாறின் மடங்கில் கொண்டுவரப் பாருங்கள்: 112, 128, 144. 131 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் (சேர்த்து அச்சடிக்கும் பதினாறு பக்கத் தொகுதி) ஓட வேண்டும். அந்த இடத்தில் வாழ்த்துரை ஒன்றிரண்டை எடுத்துவிடச் சொல்வேன். ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை என்று பதினைந்து பக்கம் தாண்டித்தான் கதை தொடங்குகிற புத்தகங்களை நானே வடிவமைத்திருக்கிறேன். பேராசிரியரின் அணிந்துரைக்காக யாரும் காசு கொடுத்துப் புத்தகம் வாங்கி நான் காணவில்லை. ஒன்று போதும், அதுவும் புத்தகத்தை வாசித்தவரிடம் வாங்கியதாக இருக்கட்டும்.

சரி, போட்ட காசு எங்கே திரும்பி வரும்? கடையில் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் வராது. கடைகள் விலையில் 30, 40 வீதம் கழிவு எடுக்கும். ஒரு பிரதிக்கு 400 ரூபா முடிந்த புத்தகத்துக்கு 500 ரூபா விலை போட்டு, 40 வீதக் கழிவில் கடைக்குக் கொடுத்தால் உங்கள் கைக்கு 300. அதுவும் விற்ற பிறகு. கணக்குப் பார்க்க யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ போய்வரும் பஸ் காசு தனி. கடையில் வைக்கத்தான் வேண்டும் என்றால் பத்துப் பத்தாக வையுங்கள், கொடுத்த திகதியோடு துண்டில் கையெழுத்து வாங்குங்கள்.

எங்கள் ஊர்களில் காசு திரும்பும் நாள் வெளியீட்டு நாள்தான். முதற்பிரதி வாங்கும் வர்த்தகர், சிறப்புப் பிரதிக்கு மேடைக்கு அழைக்கப்படும் பெரியவர்கள், வரிசையில் வந்து என்வலப்பைத் தந்துவிட்டுப் புத்தகம் வாங்கும் அயலட்டை, கூடப் படித்தவர்கள், கோயில் சபைக்காரர். என்வலப்புக்குள் இருக்கும் தொகைக்கும் அட்டையில் போட்ட விலைக்கும் தொடர்பில்லை. அவர்கள் உங்களுக்குத்தான் தருகிறார்கள். இதை வெட்கமாக நினைக்கும் இளையவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை, கலியாணவீட்டில் அன்பளிப்புக் கொடுக்கிற அதே கைதான் இங்கும் நீள்கிறது. ஆனால் அடுத்த புத்தகத்துக்கும் அதே கைகள் அவ்வளவு நீளும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

ஆகவே விழாவைக் கவனமாகத் திட்டமிடுங்கள். பொன்னாடை, மாலை, பனர், ஒலிபெருக்கி, மண்டப வாடகை, ரோல்ஸ், வடை, தேநீர் என்று அச்சுச் செலவில் பெரும் பங்கை விழாவே விழுங்குவதைப் பார்த்திருக்கிறேன். பொன்னாடையைக் குறையுங்கள், தேநீரைக் குறைக்காதீர்கள். வாசல் மேசையில் காசு கணக்குத் தெரிந்த ஒருவர், புத்தகம் எடுத்துக் கொடுக்க இன்னொருவர். மேடைக்கு அழைக்கும் பெயர் வரிசையை முதல்நாளே எழுதி அறிவிப்பாளரிடம் கொடுங்கள். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் கோபம் வருடக்கணக்கில் நிற்கும்.

நாளும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலம். காலபோக நெல் வெட்டு நடக்கும் தை, மாசியில் கமக்காரர் வயலை விட்டு வரமாட்டார். மே நடுப்பகுதியும் நவம்பர் கடைசியும் இங்கே போரில் இறந்தவர்களுக்கான நினைவேந்தலின் நாட்கள். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையில் முல்லைத்தீவுப் பக்கம் யாரும் கிடைக்கமாட்டார்கள். வெட்டு முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும் பங்குனி நல்லது.

இனி எழுத்து வேலை. அச்சகம் பிழை திருத்தும் என்று நம்பிக் கொடுக்கிறார்கள். நீங்கள் கொடுப்பதைத்தான் அச்சகம் அடிக்கும். தட்டச்சில் என் கண்ணில் படுகிற எழுத்துப் பிழையை நான் திருத்துவேன், ஆனால் உங்கள் அப்பப்பா சின்னத்தம்பியா சின்னப்புவா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒப்புநோக்க இரண்டு பேரைப் பிடியுங்கள். ஒருவர் தமிழ் தெரிந்த ரீச்சர். மற்றவர் ஊர் தெரிந்த கிழவர் அல்லது கிழவி. ஊர் வரலாறு என்றால் இரண்டாமவர்தான் அதிகம் தேவை: குளக்கட்டு உடைந்த வருடம், எந்தக் குடும்பம் எந்தக் குடியேற்றத் திட்டத்தில் வந்தது, எல்லாம் அவர் வாயில் இருக்கும். போன் திரையில் பார்த்து "ஓகே" அனுப்பாதீர்கள். தாளில் எடுத்து, ஒரு தடவை பெயர்களுக்கு மட்டும், ஒரு தடவை ஆண்டுகளுக்கு மட்டும் வாசியுங்கள். பொருளடக்கப் பக்க எண்களைக் கடைசியாகப் போடுங்கள்.

எழுத்துரு விசயமும் இருக்கிறது. எங்கள் பக்கம் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கிறவர்கள் உண்டு. அச்சுக்கு அது காணும். நாளைக்கு மின்னூலாக்க நினைத்தால் எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் எழுத்து வேண்டும், மாற்றும்போது இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் கிறுக்கலாகிவிடும். இன்னொன்று, 'கௌ' என்ற எழுத்தைப் பலர் 'கெ'யும் 'ள'வும் சேர்த்து அடிக்கிறார்கள். தாளில் வித்தியாசம் தெரியாது, கணினியில் 'கௌரி' என்று தேடினால் கிடைக்காது. முதலிலேயே யுனிகோட்டில் அடிப்பிக்கக் கேளுங்கள்.

ஐஎஸ்பிஎன் பற்றி நிறையப் புரளி. அதைத் தருவது கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. தனியாளும் விண்ணப்பிக்கலாம், பதிப்பகம் தேவையில்லை. 13 இலக்கம், 978க்குப் பிறகு 955 அல்லது 624 வந்தால் இலங்கை. அது புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான எண், அவ்வளவுதான். அரசாங்கம் அங்கீகரித்த முத்திரையும் இல்லை, உங்கள் உரிமைக்குக் காவலும் இல்லை. பதிப்புரிமை நீங்கள் எழுதியபோதே உங்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உங்கள் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் அது நிற்கும், எங்கும் பதியத் தேவையில்லை.

வெளிநாட்டுச் சனம் வாங்கும் என்ற நம்பிக்கையையும் அளந்து வையுங்கள். அவர்கள் வாங்குவார்கள், ஆனால் தபாற்செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். ஊருக்கு வந்து திரும்புகிறவர்களின் பெட்டியில் ஐந்தாறாகக் கொடுத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் வழி. அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் போடலாம். இங்குள்ள வாசகருக்கு அது உதவாது, கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறவருக்கு உதவும்.

வன்னியில் எழுதப்படும் புத்தகங்களில் பாதி யாரோ ஒருவரின் இழப்பைத் தொடுகிறது. இடம்பெயர்வு, முகாம், காணாமல் போன பிள்ளை. பக்கத்து வீட்டு அம்மாவின் கதையை எழுதினால் அந்தப் பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அச்சுக்கு முன். பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள், ஊரையும் மாற்றுங்கள். படம் என்றால் இன்னும் கவனம். அவர் கையெழுத்திட்ட ஒரு துண்டை வாங்கி வைப்பது நல்லது. சிலர் கையெழுத்து என்றாலே பயப்படுவார்கள், அங்கே அந்தப் பகுதியை விட்டுவிடுவதுதான் வழி.

அச்சகத்துக்கு முற்பணம் கொடுக்கும்போதே இறுதிப் பிடிஎஃப் கோப்பையும் வடிவமைத்த மூலக்கோப்பையும் உங்களுக்குத் தரவேண்டும் என்று பேசி முடியுங்கள். பிறகு கேட்டால் "கொம்பியூட்டர் பழுது" என்பார்கள். அச்சிடுவோர், வெளியிடுவோர் பற்றிய 1885ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அச்சிட்டவர் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கு 5 பிரதி அனுப்ப வேண்டும். சின்ன அச்சகங்களில் மறந்துவிடுகிறார்கள், அனுப்பியாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். பிரதேச சபை நூலகத்துக்கும் படித்த பாடசாலைக்கும் ஒவ்வொன்று கொடுங்கள். விருப்பமென்றால் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்துக்கும் அனுமதிக் கடிதத்தோடு கோப்பைக் கொடுக்கலாம். 2005இல் இருந்து ஈழத்து எழுத்துக்களைச் சேர்த்து வைக்கிறார்கள். விற்பனை கெடும் என்று பயந்தால், பெட்டியில் உள்ளது முடியும்வரை பொறுத்துக் கொடுங்கள்.