செருப்போட சேர்த்து பதிலையும் வாசல்ல விட்டுட்டு வாங்க: வீட்டுக் கூட்டத்துல உவமை படிக்கிற விதம்

எங்க காட்டேஜ் மீட்டிங்ல (வீட்டு ஜெபக் கூட்டம்) முதல் தடவை உவமை, அதாவது இயேசு சொன்ன கதை ஒண்ணு, எடுத்தப்போ மொத்தமே இருபது நிமிஷம்தான் ஓடுச்சு. லூக்கா 15, கெட்ட குமாரன் கதை, சொத்தைப் பிரிச்சு வாங்கிட்டுப் போய் அழிச்ச இளைய மகனை அப்பா திரும்ப ஏத்துக்கிறது, ஒருத்தங்க வாசிச்சாங்க, "அப்பா யாரு தேவன், பையன் யாரு நாமதான், மனந்திரும்பணும்"னு ஒரு அண்ணன் சொன்னாரு, எல்லாரும் ஆமென் சொன்னோம், டீ வந்துருச்சு. சண்டே ஸ்கூல்ல படம் காட்டி சொல்லிக்கொடுத்த நாள்ல இருந்து எல்லாருக்கும் பதில் மனப்பாடம், அதான் பிரச்சனையே. அதுக்கப்புறம் புதன்கிழமை புதன்கிழமை உக்காந்து நிறைய சொதப்பி ஒரு மாதிரி பிடிபட்ட வழியை இங்க எழுதுறேன், சிஎஸ்ஐயோ பெந்தெகொஸ்தேயோ கத்தோலிக்க அன்பியமோ யாருக்கும் ஒத்துவரும்னு நினைக்கிறேன்.

ஆளு ஆறுல இருந்து பத்து பேர் போதும். பன்னெண்டு தாண்டுச்சுன்னா நாலு பேர் பேசுவாங்க, மத்தவங்க கேட்டுட்டு வீட்டுக்குப் போவாங்க, அப்ப ரெண்டா பிரிச்சிடுங்க. எல்லாரும் வட்டமா பாய்ல உக்காருங்க, ஒருத்தர் மட்டும் சேர்ல உக்காந்தா அவர் தன்னால பிரசங்கியாரா மாறிடுவாரு (மூட்டு வலி உள்ளவங்களுக்கு விதிவிலக்கு, ஆனா அவங்களை நடத்த விடாதீங்க). திங்கட்கிழமையே வாட்ஸப்ல எந்த அதிகாரம் எந்த வசனம்னு மட்டும் போடுங்க. யூட்யூப் பிரசங்க லிங்க் யாராவது போட்டா அன்பா டெலிட் பண்ண சொல்லுங்க, அதைப் பார்த்துட்டு வந்தவங்க கதையை வாசிக்கவே மாட்டாங்க, அந்த பாஸ்டர் என்ன சொன்னாருன்னுதான் சொல்லுவாங்க.

எந்த உவமையில ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா நிறைய பேர் விதைக்கிறவன்னு சொல்லுவாங்க. நான் வேண்டாம்பேன். மாற்கு 4ல இயேசுவே அதுக்கு விளக்கம் குடுத்துட்டாரு, வழியோரம்னா இது, முள்ளுன்னா அதுன்னு, அதைப் படிச்ச கையோட குரூப் அடுத்த எல்லா கதையையும் விடுகதை மாதிரி அவிழ்க்க ஆரம்பிச்சிடும். அவர் அப்படி வரிக்கு வரி விளக்கினது விதைக்கிறவன், வயல்ல களைன்னு கொஞ்சம்தான், மத்ததெல்லாம் அப்படியே விட்டுட்டாரு. பெரிய பெரிய ஆளுங்களே இதுல விழுந்திருக்காங்க, ரோட்டுல அடிபட்டுக் கெடந்தவனை வேத்து ஆளு ஒருத்தன் சத்திரத்துல சேர்த்துக் காப்பாத்துற நல்ல சமாரியன் கதைக்கு, பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டின் குடுத்த விளக்கத்துல அடிபட்டவன் ஆதாம், சத்திரம் சபை, சத்திரக்காரன் பவுல்! நம்ம ஆளுங்க விட்டா கழுதைக்கும் ஒரு அர்த்தம் சொல்லுவாங்க.

அதனால முதல் வாரம் மத்தேயு 20:1-16, திராட்சத்தோட்டத்து வேலையாட்கள், காலைல வந்தவனுக்கும் கடைசியா வந்தவனுக்கும் தோட்டக்காரர் ஒரே கூலி குடுக்கிற கதை. இது எல்லாருக்கும் தெரியும், ஆனா யாருக்கும் உள்ளுக்குள்ள பிடிக்காது, ஆரம்பிக்க அதுதான் சரி.

மூணு தடவை வாசிக்கணும். முதல் தடவை ஒருத்தர் சத்தமா வாசிக்க மத்தவங்க பைபிளை மூடி வச்சிட்டு காதால மட்டும் கேக்கணும், முதல்ல கேட்டவங்களும் அப்படித்தானே கேட்டாங்க. அடுத்து இன்னொருத்தர் பைபிள் பார்க்காம கதையை தன்னோட பேச்சுல சொல்லணும், பைபிள் தமிழ்ல இல்ல, "ஒரு தோட்டக்காரர் இருந்தாரு, காலைலயே கிளம்பி ஆள் பிடிக்கப் போனாரு"ன்னு, பக்கத்து வீட்டு விஷயம் சொல்ற மாதிரி. அவங்க எதை விட்டாங்க, எதை சேர்த்தாங்கன்னு மத்தவங்க கவனிக்கணும். எங்க குரூப்ல கதை சொன்ன அக்கா "கடைசியா வந்தவங்க பாவம் கஷ்டப்பட்டு வேலை செஞ்சாங்க"ன்னு சொல்லிட்டாங்க, பைபிள்ல அப்படி எங்கயும் இல்ல, அவங்களுக்கு முழு கூலி குடுக்க மனசுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டுச்சு போல! அந்த ஒரு வாக்கியத்தை வச்சே அரை மணி நேரம் பேசினோம்.

இதுக்கு அப்புறம் டீ. கூட்டம் முடிஞ்சப்புறம் டீன்னா எல்லார் கண்ணும் கிச்சன் பக்கமே இருக்கும்.

மூணாவது வாசிப்பு வேற மொழிபெயர்ப்புல. பழைய திருப்புதலும் (சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே சபைகள்ல வாசிக்கிறது) கத்தோலிக்கங்க வச்சிருக்கிற பொது மொழிபெயர்ப்பும் (1995ல வந்தது) பக்கத்துல பக்கத்துல இருந்தா பாதி விளக்கவுரை வேலை முடிஞ்சிடும். உதாரணத்துக்கு இந்த கதையிலயே பழைய திருப்புதல்ல "பதினோராம் மணி வேளை"ன்னு வரும், எங்க வீட்டுல ரெண்டு பேர் ரொம்ப நாளா அதை காலை பதினொரு மணின்னே நினைச்சிட்டு இருந்தாங்க, பதினொரு மணிக்கு வந்தா பாதி நாள் வேலை செஞ்சிருக்காங்களே இதுல என்ன பெரிய அநியாயம்னு கேட்டாங்க. விடியல்ல இருந்து எண்ணுற கணக்கு அது, அப்ப சாயங்காலம் அஞ்சு மணி, வேலை முடிய ஒரு மணி நேரம்தான் பாக்கி. புளித்த மாவு உவமையில (மத்தேயு 13:33) பழையதுல "மூன்றுபடி மா", நாம ஏதோ வீட்டு இட்லிக்கு அரைக்கிற அளவுன்னு நினைச்சு தாண்டிடுவோம், புதுசுல "மூன்று மரக்கால்", அதுதான் கிரேக்க மூலத்துல இருக்கிற அளவுக்குக் கிட்ட வருது, இருபது கிலோவுக்கு மேல மாவு, நூறு பேருக்கு மேல சாப்பிடலாம். ஒரு பொம்பளை தனியா இவ்வளவு மாவை பிசையுறான்னா அந்த வீட்டுல என்ன விசேஷம்னு கேளுங்க, கதை வேற மாதிரி திறக்கும். கெட்ட குமாரன் ஆசைப்பட்டது பழையதுல தவிடு, புதுசுல நெற்று, மூலத்துல இருக்கிறது அந்த ஊர் மரத்துல காய்க்கிற ஒரு நெத்துதான்.

வாசிச்சு முடிச்சதும் "இதுல இருந்து நாம என்ன கத்துக்கிறோம்"னு கேட்டுடாதீங்க. அந்தக் கேள்வி வந்தா எல்லாரும் சர்ச் குரலுக்கு மாறிடுவாங்க. நான் கேக்குறது ரெண்டே ரெண்டு. இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? கதையில யார் மேல உங்களுக்கு கோவம் வருது?

முதல் கேள்விக்கு அதிகாரத்தோட தலைப்பைத் தாண்டி பின்னால போகணும். அதிகாரம் பிரிச்சது 13-ம் நூற்றாண்டுல, மத்தேயு அப்படி பிரிச்சு எழுதல. 19-ம் அதிகாரக் கடைசில பேதுரு "நாங்க எல்லாத்தையும் விட்டுட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும்"னு கேக்குறாரு, அதுக்குப் பதிலாத்தான் இந்தக் கதை வருது. கதை முடிஞ்சு கொஞ்ச நேரத்துல செபெதேயுவோட குமாரரின் தாய் (ரெண்டு சீஷங்களோட அம்மா) வந்து என் பசங்களுக்கு வலது பக்கம் ஒண்ணு இடது பக்கம் ஒண்ணு சீட் குடுங்கன்னு கேக்குறாங்க. முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு சிபாரிசு, நடுவுல இந்தக் கூலி தகராறு, இதை யாரும் சொல்லிக்கொடுக்காம குரூப்பே கண்டுபிடிச்சா அன்னைக்கு அந்த ரூம்ல ஒரு சத்தம் வரும் பாருங்க.

ரெண்டாவது கேள்வி, கோவம். எங்க வீட்டுல முதல்ல யாரும் வாய் திறக்கல, தேவனையே குத்தம் சொல்ற மாதிரி ஆயிடுமோன்னு பயம். நானே ஆரம்பிச்சேன், "எனக்கு அந்த தோட்டக்காரர் மேலதான் கோவம், நான் ஆபீஸ்ல பன்னெண்டு வருஷம், நேத்து வந்த பையனுக்கும் எனக்கும் ஒரே சம்பளம்னா விடுவேனா"ன்னேன். அப்புறம் பாருங்க, ஆளாளுக்கு அவங்க அவங்க கதை வெளிய வருது. ஒருத்தர் கேட்டாரு, முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல குடுத்து அனுப்பிச்சிருந்தா அவங்க சந்தோஷமா வீட்டுக்குப் போயிருப்பாங்களே, எதுக்கு கடைசி ஆள்ல இருந்து ஆரம்பிச்சு அவங்க கண்ணு முன்னாடியே குடுக்கணும்னு. வேணும்னே செஞ்சிருக்காரு! பதினஞ்சாம் வசனத்துல "வன்கண்ணன்"னு ஒரு வார்த்தை இருக்கு, மூலத்துலயும் உன் கண்ணு பொல்லாததான்னுதான் கேள்வி, நம்ம ஊர் கண்ணு போடுறதுக்கு ரொம்ப பக்கம், அடுத்தவன் தட்டைப் பார்க்கிற கண்ணு.

எங்க குரூப்ல ஒரு தாத்தா உண்டு, கொத்தனாரா இருந்து ஓய்வு எடுத்தவரு, ஆறு வாரத்துல ஆறு வார்த்தை பேசியிருப்பாரு. அன்னைக்கு எல்லாரும் வெயில்ல பன்னெண்டு மணி நேரம் உழைச்சவன் கஷ்டத்தைப் பத்தியே பேசிட்டு இருந்தோம், அவர் மெதுவா "ஜங்ஷன்ல காலைல இருந்து நின்னு பார்த்திருக்கீங்களா, வேலை கிடைச்சவன் பத்து மணிக்கு சாப்பாட்டைப் பிரிப்பான், கிடைக்காதவன் தூக்குச்சட்டியை அப்படியே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகணும், பொண்டாட்டி மூஞ்சைப் பார்க்கணும், அதுக்கு வெயில் தேவலை"ன்னாரு. கொஞ்ச நேரம் யாரும் பேசல. "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை"ன்னு ஏழாம் வசனத்துல இருக்கு, நான் அதை எத்தனை தடவை வாசிச்சிருப்பேன், கண்ணுல பட்டதே இல்ல. நடத்துறவங்களுக்கு நான் சொல்ற ஒரே பெரிய விஷயம் இதுதான், உங்க பதிலை தயார் பண்ணிட்டுப் போகாதீங்க, அந்த ரூம்ல யாரோட வாழ்க்கை இந்தக் கதைக்குப் பக்கத்துல இருக்குன்னு யோசிச்சிட்டுப் போங்க, அப்புறம் வாயை மூடிட்டு காத்திருங்க.

அப்புறம் காசு கணக்கு. பணம் வர்ற எந்த உவமையையும் ரூபாய்க்கு மாத்தாம விடாதீங்க. ஒரு பணம், அதாவது தெனாரியம், ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து கிட்டத்தட்ட 6,000 நாள் கூலி. இப்ப ஒரு நாள் கூலி 700 ரூபாய்னு வச்சுக்கோங்க, ஃபோன் கால்குலேட்டரை காலேஜ் பசங்க கைல குடுங்க (ஃபோன் எடுக்க அனுமதி இதுக்கு மட்டும்). மத்தேயு 18ல ராஜாவுக்கு அந்த ஊழியக்காரன் தரவேண்டியது பதினாயிரம் தாலந்து, 6 கோடி நாள் கூலி, 4,200 கோடி ரூபாய். கலிலேயா, பெரேயா ரெண்டு பகுதியில இருந்தும் அதை ஆண்ட ஏரோது அந்திப்பாவுக்கு வந்த வருஷ வருமானமே 200 தாலந்துன்னு அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்காரு, அப்ப இந்தக் கடன் ஒரு ஆட்சியாளரோட அம்பது வருஷ வருமானம், "எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்"னு அவன் சொல்றதே ஜோக். ராஜா அதை மன்னிச்சு விட்டுடுறாரு, ஆனா அவன் மன்னிக்காம விட்ட இன்னொருத்தன் கடன் நூறு பணம், 70,000 ரூபாய். இங்கதான் நிறுத்தணும், ஏன்னா 70,000 சின்ன தொகை இல்ல, நம்மள்ல யாருக்காவது மச்சான் 70,000 தரணும்னா அந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கூட போகமாட்டோம். மன்னிக்கிறது லேசுன்னு அந்தக் கதை சொல்லவே இல்ல.

மத்தேயு 25 தாலந்து கதையும் அப்படித்தான், தமிழ்ல தாலந்துன்னா பாட்டு, கீபோர்டு, கோலப்போட்டின்னு ஆகிப்போச்சு, அதனால எல்லாரும் "எனக்கு என்ன திறமை இருக்கு"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அது எடை போட்ட வெள்ளி, ஊழியக்காரங்ககிட்ட பணத்தை ஒப்படைச்சிட்டுப் போற முதலாளி, குறைச்சலா வாங்கினவனுக்கே 42 லட்சம் கைல குடுத்திருக்காரு, பாவம் ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுதுன்னு அவன் மேல பரிதாபப்பட வேண்டாம்.

நல்ல சமாரியனுக்கு வேற மாதிரி பண்ணணும், ஏன்னா "சமாரியன்"ங்கிற வார்த்தை நமக்கு நல்லவன்னு அர்த்தம் ஆயிடுச்சு. அந்தக் காலத்து யூதங்களுக்கு அது வாயில வராத பேரு, கெரிசீம் மலையில சமாரியங்க கும்பிட்ட கோயிலை கி.மு. 2-ம் நூற்றாண்டுல யூத ஆட்சியாளர் இடிச்ச அளவுக்குப் பகை, லூக்கா 9ல சமாரியர் கிராமம் ஒண்ணு இயேசுவையே உள்ள விடல. கதை முடிவுல கூட இயேசுகிட்ட கேள்வி கேட்ட நியாயசாஸ்திரி "சமாரியன்"னு சொல்லமாட்டான், "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே"ன்னு சுத்தி வளைப்பான். எல்லாருக்கும் ஒரு துண்டுச்சீட்டு குடுங்க, நீங்க ரோட்டுல அடிபட்டுக் கெடக்கும்போது யார் வந்து தொட்டா உங்களுக்குக் கூசும்னு எழுதச் சொல்லுங்க, பேர் போடவேண்டாம், யார்கிட்டயும் காட்டவும் வேண்டாம், மடிச்சு பைபிள்ல வச்சிட்டு மறுபடி வாசிங்க. சாதி, சபை, கட்சி, சொந்தக்காரன், எல்லாம் அந்தச் சீட்டுல இருக்கும். சத்தமா சொல்ல வைக்காதீங்க, ஒருதடவை நான் வைச்சேன், ரெண்டு குடும்பம் ஒரு மாசம் வரல. இன்னொண்ணு, பழைய திருப்புதல்ல கேள்வி "எனக்குப் பிறன் யார்", தமிழ்ல பிறன்னா அடுத்தவன், வெளியாள், பொது மொழிபெயர்ப்புல "அடுத்திருப்பவர்", இந்த ரெண்டு வார்த்தையையும் பக்கத்துல வச்சாலே போதும். அடிபட்டவனைப் பார்த்தும் தாண்டிப் போன ஆசாரியன், லேவியனை (ரெண்டு பேரும் யூதக் கோயில் ஊழியக்காரங்க) போட்டுத் தாக்கி யூதங்களே இப்படித்தான்னு பேச்சு திரும்பினா நிறுத்திடுங்க, சொன்னவரும் யூதர், கேட்டவங்களும் யூதங்க.

ஆள் சமாளிக்கிறதைப் பத்தி சுருக்கமா. அதிகம் பேசுறவர்கிட்ட வாசிப்பைக் குடுத்துடுங்க, வாசிச்சவங்க கடைசியாத்தான் பேசணும்னு சட்டம் போடுங்க, அது எல்லாருக்கும் பொதுன்னு சொல்லிட்டா கோவம் வராது. "கிரேக்கத்துல இப்படி இருக்கு"ன்னு ஆரம்பிக்கிற தம்பிக்கு ஒரு நாளைக்கு ஒரு வாய்ப்பு. யாராவது அழுதா உடனே ஜெபிச்சு மூடி வைக்காதீங்க, தண்ணி குடுங்க, சும்மா இருங்க. லூக்கா 15 எடுக்கிற வாரம் பையனோட பேச்சுவார்த்தை இல்லாத வீடு எதுன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க, அவங்களைப் பார்த்து "நீங்க சொல்லுங்க"ன்னு கேட்டுடவே கூடாது. அந்த அதிகாரத்துக்கு ரெண்டு வாரம் ஒதுக்குங்க, ரெண்டாவது வாரம் முழுக்க, திரும்பி வந்த தம்பிக்கு விருந்தான்னு கோவிச்சுக்கிட்டு வெளிய நிக்கிற மூத்தவனுக்கு, சர்ச்சுக்கு ஒழுங்கா வர்ற நம்ம எல்லாரும் அவன்தான், அவன் உள்ள போனானா இல்லையான்னு லூக்கா சொல்லவே இல்ல, நீங்களும் சொல்லி முடிச்சு வைக்காதீங்க.

முடிக்கும்போது சின்ன ஜெபம் போதும், ஆனா ஜெபத்துக்குள்ள பிரசங்கத்தை நுழைக்கிற பழக்கம் நமக்கு எல்லாருக்கும் உண்டு, "ஆண்டவரே, இந்தக் கதையின் மூலமா நீர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மூன்று காரியங்களுக்காக"ன்னு ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் திறந்து வச்சதெல்லாம் மூடிடும். நாங்க இப்ப அந்தக் கதையில பிடிக்காத வசனத்தை மட்டும் இன்னொருதடவை வாசிச்சிட்டு கர்த்தர் ஜெபம் சொல்லி எந்திரிக்கிறோம், ஏழேகாலுக்கு ஆரம்பிச்சா எட்டரைக்கு கேட் பூட்டியாச்சு.

வரிசைன்னு கேட்டா மத்தேயு 20, லூக்கா 10, மத்தேயு 18, லூக்கா 15, அப்புறம் கடுகும் புளித்த மாவும், மத்தேயு 25, அதுக்கப்புறம்தான் விதைக்கிறவன். லூக்கா 16 அநீதியுள்ள உக்கிராணக்காரனை கடைசிக்குத் தள்ளுங்க, முதலாளி காசுல கணக்கை மாத்தி எழுதின ஆளை முதலாளியே மெச்சுறாரு, இதை என்ன பண்றதுன்னு எங்க வீட்டுல ரெண்டு புதனா சண்டை, தாத்தா மட்டும் "நான் மேஸ்திரிங்ககிட்ட வேலை பார்த்தவன், எனக்குப் புரியுது"ன்னு சிரிச்சிட்டே இருக்காரு, என்ன புரியுதுன்னு சொல்லமாட்டேங்குறாரு. வர்ற புதனும் அதேதான்.