மின்சாரம் நிற்கும் ஊரில் மென்பொருள் மேம்படுத்தல்: திரும்பும் வழியை முதலில் பாருங்கள்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிய ஒரு ஜூன் மாத மாலையில், குமுளியில் நான் பார்த்துக்கொள்ளும் ஏலக்காய்க் கடையின் கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் மேம்படுத்தல் ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது, யூபிஎஸ்ஸும் தாங்கவில்லை. மீண்டும் இயக்கியபோது சில பேக்கேஜ்கள் (நிரல்களை நிறுவுவதற்கான தொகுப்புகள்) புதியவையாகவும், சில பழையவையாகவும், சில பிரித்துப்போட்டபடி அமைக்கப்படாமலும் கிடந்தன. ‘டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’ என்ற கட்டளை அமைக்காமல் நின்றவற்றை முடித்துவைத்தது. ஆனால் அந்தக் கட்டளை முன்னோக்கி மட்டுமே நடத்திச் செல்லும்; முந்தைய நாள் நிலைக்குப் போகும் வழி என்னிடம் இல்லை. அன்றிலிருந்து, மேம்படுத்தும் முன் திரும்பும் வழியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் பேக்கேஜ்களை நிறுவி மேம்படுத்தும் கருவியான (பேக்கேஜ் மேலாளர்) ஆப்ட், பழைய பதிப்புக்கு இறங்குவதை முறையான வழியாக ஏற்பதில்லை. பேக்கேஜின் பெயருக்குப் பின் சமக்குறியிட்டுப் பதிப்பெண்ணைக் கொடுத்து ஒன்றிரண்டை இறக்கலாம். என்றாலும் நிறுவும்போது ஓடிய ஸ்கிரிப்டுகள் அமைப்புக் கோப்புகளில் செய்த மாற்றம் தானாகத் திரும்பாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ‘ஆப்ட்’ என்று தட்டச்சு செய்தால், நிறுவி முடித்ததும் பதிவிறக்கிய டெப் கோப்புகள் (பேக்கேஜ் அடைக்கப்பட்ட கோப்புகள்) அழிக்கப்படும், ‘ஆப்ட்-கெட்’ அவற்றை வைத்திருக்கும். ஆகவே மெதுவான இணைப்பு உள்ள மலையூர்க் கணினிகளில் ‘ஆப்ட்-கெட்’டையே பயன்படுத்துங்கள். மாறக்கூடாத பேக்கேஜை ‘ஆப்ட்-மார்க் ஹோல்ட்’ கொண்டு நிறுத்திவையுங்கள்.

ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் பேக்கேஜ் மேலாளரான டிஎன்எஃப் ஒவ்வொரு மேம்படுத்தலையும் எண்ணிட்டுப் பதிந்துவைப்பதால், ‘டிஎன்எஃப் ஹிஸ்டரி அண்டூ’ என்று அந்த எண்ணைச் சொல்லித் திரும்பலாம். பழைய பதிப்பு களஞ்சியத்தில் (பேக்கேஜ்களை வழங்கும் இணையச் சேமிப்பில்) இன்னும் இருந்தால்தான் அது பலிக்கும்.

ஓப்பன்சூசே என்ற லினக்ஸ் வேறு பாதையில் போகிறது. பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் நிறுவியிருந்தால், அதன் பேக்கேஜ் மேலாளரான ஸிப்பர் பேக்கேஜ்களை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஸ்னாப்பர் என்ற கருவி கணினியின் அப்போதைய நிலையை ஒவ்வொரு படமாக (ஸ்னாப்ஷாட்) எடுத்துவைக்கிறது. கணினி எழும்பாமல் போனால், தொடக்கப் பட்டியலில் முந்தைய படத்தைத் தேர்ந்து உள்ளே சென்று, ‘ஸ்னாப்பர் ரோல்பேக்’ கொடுத்து மறுபடி இயக்க வேண்டும். தொலைபேசியிலேயே கடைக்காரருக்குச் சொல்லிச் செய்விக்கக்கூடிய முறை இது என்பதால் எனக்கு இதில் பெரும் மதிப்பு உண்டு.

எல்லாவற்றிலும் ஆழமான விடை நிக்ஸ் என்ற பேக்கேஜ் மேலாளரில் இருக்கிறது. எல்கோ டோல்ஸ்ட்ரா 2006-இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரித்துரைத்த இம்முறையில், புதிய பதிப்பு பழையதன்மேல் எழுதப்படுவதே இல்லை. ஒவ்வொன்றும் தனக்கேயுரிய ஹாஷ் எண்ணை (கணக்கிட்டுப் பெற்ற தனி அடையாளத்தை)த் தாங்கிய தனிக் கோப்புறையில் அமர்கிறது. எல்லாம் வந்துசேர்ந்த பிறகு ஓர் இணைப்பு (கோப்புறையைச் சுட்டும் குறிப்பு) மட்டும் பழைய தலைமுறையிலிருந்து, அதாவது பேக்கேஜ்களின் பழைய முழுத் தொகுதியிலிருந்து, புதியதற்கு மாற்றப்படுகிறது. பதிவிறக்கத்தின் நடுவில் மின்சாரம் நின்றாலும் இணைப்பு பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். பாதி புதிது, பாதி பழையது என்ற நிலைக்கு இடமே இல்லை. நிக்ஸைக் கொண்டு கட்டிய நிக்ஸ்ஓஎஸ் லினக்ஸில் ‘நிக்ஸோஸ்-ரீபில்ட் ஸ்விட்ச் --ரோல்பேக்’ என்றால் முந்தைய தலைமுறைக்குத் திரும்பிவிடலாம். இதற்கு விலை வட்டு இடமும், அதன் அமைப்பு மொழியைக் கற்கும் உழைப்பும். இடம் போதவில்லையென்று ‘நிக்ஸ்-கலெக்ட்-கார்பேஜ் -டி’ கொடுத்தால் பழைய தலைமுறைகள் அழிந்து, திரும்பும் வழியும் அடைபடும். புதியது சில நாள் நன்றாக ஓடும்வரை அதைத் தொடாதீர்கள்.

இந்த முறைகள் எல்லாம் மீட்பது நிரல்களை. உங்கள் தரவை அல்ல. ஓப்பன்சூசேயின் படங்களில் தரவுத்தளம் இருக்கும் ‘வார்’ கோப்புறை வேண்டுமென்றே சேர்க்கப்படுவதில்லை. சேர்த்திருந்தால், நிரலைத் திருப்பும்போது அன்றைய ரசீதுகளும் மறைந்துபோகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள நிரலின் பெரும்பதிப்பு மாறும்போது தரவுக் கோப்பின் வடிவமும் மாறுவதால், புதியதன் கோப்பைப் பழையது திறக்காது. எனவே எந்தப் பேக்கேஜ் மேலாளராக இருந்தாலும், முதலில் தரவுத்தளத்தைக் கோப்பாக நகலெடுக்கும் ‘பிஜி-டம்ப்’ எடுத்துப் பென்டிரைவில் போடுங்கள். அதை இன்னொரு கணினியில் ஏற்றி, கடைசி நாளின் ரசீது எண்ணும் எடையும் சரியாக வருகின்றனவா என்று கடைக்காரரையே அருகில் வைத்துப் பார்த்த பிறகு மேம்படுத்தலைத் தொடங்குங்கள்.