ஜஸ்ட் நவ் என்றால் மணியைக் கேளுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒருவர் “ஐ வில் கம் ஜஸ்ட் நவ்” என்று சொன்னால், வாசலைப் பார்த்துக் காத்திராமல், “எத்தனை மணிக்கு?” என்று அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்கள் அதை “இப்போதே வருகிறேன்” என்று புரிந்துகொண்டு, குழாய் பழுதுபார்ப்பவருக்காக இந்நகரின் சாட்ஸ்வர்த் பகுதியிலுள்ள வீட்டில் அரைநாள் விடுப்பைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஜஸ்ட் என்னும் வினையடை, பக்கத்தில் நிற்கும் சொல்லைப் பார்த்துப் பொருள் மாறக்கூடியது: “ஜஸ்ட் டென் ரேண்ட்” என்றால் “பத்து ரேண்டுதான்” (ரேண்ட் இந்நாட்டு நாணயம்), “ஜஸ்ட் ரைட்” என்றால் “கச்சிதம்”, “ஒன்லி ஜஸ்ட்” என்றால் “மயிரிழையில்”. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்திலோ, எதிர்கால வினையோடு வரும் ஜஸ்ட் நவ், ஆப்பிரிக்கான்ஸ் மொழியின் “நெட்நோ” என்ற சொல்லைப் போலவே, “பிறகு, கொஞ்ச நேரம் கழித்து” என்று பொருள்படுகிறது; அந்தக் கொஞ்ச நேரம் பத்து நிமிடமாகவும் இருக்கலாம், பொழுது சாய்வதாகவும் இருக்கலாம். “நவ் நவ்” என்று இரட்டித்துச் சொன்னால் அதைவிடச் சீக்கிரம் என்று கொள்ளலாம். (நம்முடைய “இதோ வந்துவிட்டேன்” மட்டும் என்ன வாழ்கிறது? சொல்பவர் இன்னும் சட்டையே மாட்டியிருக்க மாட்டார்.)

வினை இறந்தகாலத்தில் இருந்தால் இந்தக் குறிப்பு பொருந்தாது: “ஷி லெஃப்ட் ஜஸ்ட் நவ்” என்பதற்கு இங்கேயும் “சற்றுமுன்தான் போனார்” என்பதே பொருள். இந்நாட்டுப் பேச்சு பழகாத வெளிநாட்டவர் வாயிலிருந்து வரும்போதும், அவர் சொன்னதை இந்த ஊர்க் கணக்கில் நீட்ட வேண்டியதில்லை.